மினமாட்டா நகரம்: நாம் கண்டதும் கேட்டதும்

(சொற்பொழிவின் சாரம்)

வெளியூர் போய் வந்தவனைப் பார்த்து நம் ஜனங்கள் கேட்கும் முதல் கேள்வி, அங்கே என்ன கோயில் இருக்கிறது, என்ன தீர்த்தம் இருக்கிறது என்பதாகும். கொஞ்சம் படித்தவர்களானால் என்ன கட்டடம், என்ன காட்சி, என்ன சாப்பாடு என்று கேட்பார்கள். அந்த ஊர் மனிதர்கள் எப்படிப் பிழைத்தார்கள், எதனால் கஷ்டப்பட்டார்கள், அந்தக் கஷ்டத்துக்கு யார் காரணம் என்று கேட்பவர்களைக் காண்பது அருமையாகவே இருக்கிறது. இன்று நாம் பேசப் போவது, கேட்கப்படாத இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஓர் ஊரைப் பற்றியாகும். அது ஜப்பான் தேசத்தின் தென்பாகத்தில், கியூஷு தீவில், குமாமோட்டோ மாகாணத்தைச் சேர்ந்த மினமாட்டா என்னும் சிறு நகரம்.

ஊரின் இருப்பை முதலில் சொல்லி விடுகிறோம். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கடல். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கொஞ்சம் சமநிலத்தில்தான் ஊர் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஆறு ஊர் வழியாக ஓடிக் கடலில் விழுகிறது. மலையிலும் வெந்நீர் ஊற்று உண்டு, கடற்கரையிலும் உண்டு. எதிரே அமாகுசா தீவுகள் அணை போட்டதுபோல் நிற்பதால், கடல் ஏரியைப் போல அடங்கிக் கிடக்கிறது. 1956-இல் சுமார் 50 ஆயிரம் பேர் வாழ்ந்த ஊரில், இப்போது இருப்பவர்கள் 20 ஆயிரத்துக்குச் சற்று அதிகம். அழகுக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனால் அழகைச் சொல்வதற்காக உங்களை நாம் இவ்வளவு நேரம் உட்கார வைக்க வேண்டியதில்லை.

அந்தக் கடலுக்கு ஷிரானுய் என்று பெயர். 'அறியாத தீ' என்பது அதன் அர்த்தம். கோடையின் கடைசியில், சில இரவுகளில், அந்தக் கடலின்மேல் தூரத்தில் தீப்பந்தங்கள் வரிசையாக எரிவதுபோல் தெரியுமாம். அதை நாகதேவதையின் விளக்கு என்று ஜனங்கள் வெகு காலம் நம்பி வந்தார்கள். பிறகு சாஸ்திரிகள் ஆராய்ந்து, அது மீன்பிடிப் படகுகளின் விளக்கென்றும், காற்றில் குளிர்ந்த அடுக்கும் வெப்ப அடுக்கும் கலந்திருப்பதால் ஒளி வளைந்து பலவாகத் தெரிகிறதென்றும் விளக்கினார்கள். தெரியாத விஷயம் தெரிந்தது, தேவதை போய்விட்டது. இந்த மட்டில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அதே கடலில் இன்னொரு 'அறியாத' காரியம் நடந்தது. அதில் நடந்தது தெரியாமை அல்ல, தெரிந்ததைத் தெரியாமலாக்கியதாகும். இந்த இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தைச் சொல்லவே நாம் வந்திருக்கிறோம்.

மினமாட்டா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், நேர் எதிரே ஒரு தொழிற்சாலையின் வாசல் நிற்கிறது. நம் ஊர்களில் வீதி கோயில் வாசலில் போய் முடிவது போலத்தான் இதுவும். விவசாயமும் மீன்பிடிப்பும் உப்புக் காய்ச்சுவதுமாகப் பிழைத்த அந்த ஊரில், 1908-இல் கார்பைடு தொழிற்சாலை வந்தது. பின்னால் 'சிஸ்ஸோ' என்று பெயர் பெற்ற கம்பெனி அதுதான். கம்பெனி வளர்ந்தது, ஊரும் வளர்ந்தது. ஒரு காலத்தில் நகரசபையின் வரி வருமானத்தில் பாதிக்கு மேல் கம்பெனியைச் சார்ந்தே இருந்தது. கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவன் என்றால் ஊரில் மதிப்பு. மீன் பிடிக்கிறவன் என்றால் இளப்பம். ஆக, ஊருக்குச் சோறு போடுகிற சாமி ஒன்று புகைபோக்கியுடன் எழுந்தருளிவிட்டது. சோறு போடுகிற சாமியை யார் கேள்வி கேட்பார்கள்?

1932 முதல் அங்கே அசிட்டால்டிஹைடு என்ற பொருளைச் செய்தார்கள். பிளாஸ்டிக் முதலிய பல சாமான்களுக்கு அது மூலப்பொருள். அதைச் செய்வதற்குப் பாதரசம் உதவி செய்கிறது. அந்த வேலையின்போதே பாதரசத்தில் ஒரு பாகம் மெத்தில் பாதரசம் என்னும் கொடிய விஷமாக மாறிவிடுகிறது. கழிவுத் தண்ணீரோடு அது கடலில் கலந்தது. கடலில் உள்ள நுண்ணிய உயிர்கள் அதை உட்கொள்ள, அவற்றைச் சிறு மீன் தின்ன, சிறு மீனைப் பெரிய மீன் தின்ன, படிக்குப் படி விஷம் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசிப் படியில் இருந்தவர்கள், மூன்று வேளையும் மீனே உணவாக இருந்த மீனவக் குடும்பத்தார்.

முதலில் பூனைகள் தள்ளாடி, சுழன்று, கடலில் விழுந்து செத்தன. பறவைகள் பறக்க முடியாமல் விழுந்தன. பிறகு மனிதர்களுக்கு வந்தது. கைகால் மரத்தது, நடை தடுமாறிற்று, பேச்சுக் குழறிற்று, பார்வை குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் குறுகிற்று. 1956 ஏப்ரலில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்றைக் கம்பெனியின் ஆஸ்பத்திரிக்கே கொண்டு வந்தார்கள். அங்கே தலைமை வைத்தியராயிருந்த ஹோசோகாவா ஹாஜிமே, காரணம் தெரியாத மூளை வியாதி பரவுவதாக மே 1-ஆம் தேதி சுகாதார இலாகாவுக்குத் தெரிவித்தார்.

ஜனங்கள் அதை 'விநோத வியாதி' என்றார்கள். தொற்று வியாதி என்று பயந்தார்கள். நோயாளிகளைத் தொற்று நோய் ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். வீடுகளில் மருந்து தெளித்தார்கள். அந்தக் குடும்பத்தார் கடைக்குப் போனால், கடைக்காரர் காசைக் கையால் வாங்கமாட்டார். தோழர்களே, காசைக் கைபடாமல் வாங்கும் இந்த வித்தையை நம் நாட்டாருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை! அந்தப் பயமாவது முதலில் தெரியாமையால் வந்தது என்று சொல்லலாம். ஆனால் 1956 நவம்பரிலேயே, குமாமோட்டோ சர்வகலாசாலையார் இது தொற்று வியாதி அல்ல, மீன் வழியாக வரும் உலோக விஷம் என்று சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகும் தீட்டு நிற்கவில்லை. ஏன்? வியாதியஸ்தன் வாயைத் திறந்தால் கம்பெனிக்கு ஆபத்து. கம்பெனிக்கு ஆபத்தென்றால் ஊருக்கு ஆபத்து என்கிற எண்ணம்தான். தீட்டு என்பது எங்கேயும் யாரோ ஒருவருடைய லாபத்துக்குக் காவல் நிற்பதுதான் என்பதை இதிலிருந்து அறியலாம்.

1959-ஆம் வருஷம் நடந்ததைக் கவனியுங்கள். ஜூலையில், விஷம் பாதரசமே என்று சர்வகலாசாலையார் வெளியிட்டார்கள். உடனே சில பண்டிதர்கள் கிளம்பினார்கள். யுத்தத்துக்குப் பின் கடலில் கொட்டிய வெடிமருந்துதான் காரணம் என்றார் ஒருவர். அழுகிய மீனில் உண்டாகும் பொருள்தான் காரணம் என்றார் மற்றொருவர். அதே ஹோசோகாவா வைத்தியர் தொழிற்சாலைக் கழிவைச் சோற்றில் கலந்து ஒரு பூனைக்கு ஊட்டிப் பரீட்சை செய்தார். 400-ஆம் நெம்பர் பூனை என்று அதற்குப் பெயர். அக்டோபரில் அந்தப் பூனைக்கு அதே வியாதி வந்தது. முடிவு கம்பெனிக்குத் தெரிந்தது; கம்பெனி அதை மறைத்தது; வைத்தியரும் வாய் திறக்கவில்லை. நவம்பரில், வயிறு காய்ந்த மீனவர்கள் தொழிற்சாலைக்குள் புகுந்து தாக்கினார்கள். அதே மாதத்தில் நகரத் தலைவர், நகரசபை, வர்த்தக சங்கம், தொழிலாளர் சங்கம் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து கவர்னரிடம் போய், கழிவுத் தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள் என்று மனுச் செய்துகொண்டார்கள்! டிசம்பரில் கம்பெனி ஒரு சுத்திகரிப்பு யந்திரத்தைப் பெரிய விழா நடத்தித் திறந்தது. பாதரசத்தை அகற்றும் சக்தி அந்த யந்திரத்துக்கு இல்லை. அதே மாதக் கடைசியில், நோயாளிகளுக்கு 'அனுதாபப் பணம்' என்று கொஞ்சம் கொடுத்து, நாளைக்குக் கம்பெனியே காரணம் என்று ருஜுவானாலும் மேலே ஒன்றும் கேட்பதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். குற்றமே செய்யாதவன் இப்படி எழுதி வாங்குவானா என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்குப் பிறகும் விஷம் எட்டு வருஷத்துக்கு மேல் கடலில் விழுந்துகொண்டே இருந்தது. இந்தக் காலத்தில் தாய்மார்கள் ஓர் உண்மையைச் சொன்னார்கள். தாய் வயிற்றிலிருக்கும் குழந்தையிடம் விஷம் போகாது என்று வைத்திய புஸ்தகங்கள் அப்போது கருதி வந்தன. ஹராடா மசஸுமி என்ற இளம் வைத்தியர், ஒரே நோய்க்குறியுள்ள இரு சகோதரர்களைக் கண்டார். மூத்தவனுக்கு மினமாட்டா வியாதி என்றார்கள். இளையவன் மீனே தின்றதில்லையாகையால், அவனுக்குப் பிறவி ஊனம் என்றார்கள். மீனைத் தின்றது நான்தானே, அது என் வயிற்றிலிருந்த இவனுக்குப் போயிருக்காதா என்பது தாயின் கேள்வி. படியாத அந்தத் தாயின் கேள்விதான் சரியென்று 1962-இல் ஒப்புக்கொள்ளப்பட்டது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை உலர்த்திச் சிறு பெட்டியில் வைப்பது ஜப்பானியர் வழக்கம். பின்னால் அந்தக் கொடிகளைப் பரிசோதித்தபோது, அவற்றிலும் மெத்தில் பாதரசம் இருந்தது. கேள்வி கேட்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை. பட்டம் பெற்றவர்களெல்லாம் கேள்வி கேட்டுவிடவும் இல்லை.

1968 மே மாதத்தில், கம்பெனி அந்தப் பழைய முறையைத் தானாகவே கைவிட்டது. செப்டம்பரில்தான் சர்க்கார், ஆம், கம்பெனிதான் காரணம் என்றது. அதாவது லாபமிருந்த வரையில் உண்மையில்லை. லாபம் தீர்ந்ததும் உண்மை வெளியே வந்தது. இந்த இரண்டு மாதங்களுக்கும் நடுவே ஒரு காரியம் நடந்தது. நாம் கேட்ட சங்கதிகளில் எல்லாம் நம் மனதை அதிகம் தொட்டது அதுதான். 1959-இல் கம்பெனிக்காக மனுச் செய்த தொழிலாளிகள், 1962-63-இல் கூலிச் சண்டையில் தாங்களே அதே கம்பெனியிடம் அடிபட்டார்கள். அடிபட்ட பிறகு அவர்களுடைய கண் திறந்தது. அவர்களில் ஒரு சங்கத்தார் 1968 ஆகஸ்டில் கூடி, நோயாளிகளுக்காக இதுவரை ஒன்றும் செய்யாதிருந்தது மனிதர் என்ற முறையிலும் தொழிலாளர் என்ற முறையிலும் எங்களுக்கு வெட்கம் என்று தீர்மானம் செய்தார்கள். சோறு போடும் சாமியின் முன்னால் நின்று, வெட்கம் என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல அவ்வளவு வருஷம் பிடித்தது. ஹோசோகாவா வைத்தியரும் 1970-இல், மரணப் படுக்கையில் கிடந்தபடியே, பூனைப் பரீட்சையைப் பற்றிச் சாட்சியம் சொன்னார். 1973 மார்ச்சில் கோர்ட்டு கம்பெனியின் குற்றத்தை நிச்சயித்து, அந்த 'அனுதாப' ஒப்பந்தத்தையும் செல்லாது என்று தள்ளியது. சர்க்காருக்கும் பொறுப்பு உண்டென்று சுப்ரீம் கோர்ட்டு சொல்ல 2004 வரை ஆயிற்று.

இன்று அங்கே போகிறவர்கள், விரிகுடாவின் ஓரத்தில் புல்லும் ரோஜாத் தோட்டமுமான பெரிய பூங்காவைப் பார்ப்பார்கள். நாமும் அதில் நடந்தோம். பாதரசச் சேறு சுமார் 15 லட்சம் கன மீட்டரை வாரியும் மூடியும், 1977 முதல் 1990 வரை 4,850 கோடி யென் செலவில், கடலைத் தூர்த்து உண்டாக்கிய 58 ஹெக்டேர் நிலம் அது. ஓரத்தில் நோயாளிகளும் அவர்களுடைய தோழர்களும் தங்கள் கையால் செதுக்கிய சிறு கற்சிலைகள் கடலைப் பார்த்து நிற்கின்றன. விஷமீன் வெளியே போகாமல் விரிகுடாவில் 1974-இல் கட்டிய வலையை 1997-இல்தான் எடுத்தார்கள். கடலை இழந்த மீனவர் சிலர் மலைச்சரிவில் ஆரஞ்சு இனத்துப் பழம் பயிரிட்டு, விஷம் தின்ற நாம் பிறருக்கு விஷம் ஊட்டக்கூடாது என்று பூச்சிமருந்தைக் குறைத்துக்கொண்டார்கள். 1994-இல் நகரத் தலைவரே நோயாளிகளிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, அறுந்த படகுக் கயிறுகளை மறுபடி சேர்த்துக் கட்டுவோம் என்றார். ஆனாலும் கணக்குத் தீரவில்லை. அந்தப் பிரதேசத்தில் நோயாளியென்று சர்க்கார் முறைப்படி ஒப்புக்கொண்டவர்கள் 2,200 பேருக்குச் சற்று அதிகம். ஒப்புக்கொள்ளப்படாமல் வழக்காடியவர்கள் ஆயிரக்கணக்கு. 2023-இல்கூட ஒசாக்கா கோர்ட்டு 128 பேருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

இது எங்கேயோ ஜப்பானில் நடந்த சங்கதி என்று நினைத்து விடாதீர்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-இல் செய்த உலக ஒப்பந்தத்துக்கு இந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். இந்தியாவும் அதை 2018-இல் ஏற்றுக்கொண்டது. நம் கொடைக்கானல் மலையிலும் பாதரச வெப்பமானி செய்த தொழிற்சாலை ஒன்று 2001-இல் மூடப்பட்டதும், தொழிலாளர்கள் பரிகாரத்துக்காக வெகு காலம் போராடியதும் உங்களுக்குத் தெரிந்தவையே.

தோழர்களே! அறிவு வளர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்லுகிறார்கள். மினமாட்டாவில் அறிவுக்கு என்ன குறை? ரசாயனம் தெரிந்தவர்கள் இருந்தார்கள், வைத்தியர்கள் இருந்தார்கள், ஒரு பூனையின் பரீட்சையில் உண்மையே கைக்கு வந்துவிட்டது. இல்லாதது, அதை வெளியே சொல்லும் மானம்தான். தெரியாமைக்கு மருந்து படிப்பு. தெரியாமலாக்குவதற்கு மருந்து, சோறு போடுகிறவன் முகத்தைப் பார்த்தும் கேள்வி கேட்கும் துணிவு. ஆகையால் நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும், மலையையும் கடலையும் தாராளமாகப் பாருங்கள். பார்த்துவிட்டு, இந்த ஊரில் எந்தக் கேள்வியைக் கேட்க எல்லோரும் பயப்படுகிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். பிறகு உங்கள் சொந்த ஊருக்குத் திரும்பி, அதே விசாரணையை அங்கேயும் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இத்துடன் முடித்துக்கொள்கிறோம்.