பரியன் சாகவில்லை

 

வாத்தியாரின் நினைவுச் சொற்பொழிவில் சினிமாவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று அமைப்பாளர்களிடம் சொன்னபோது ஒரு தோழர் சிரித்தார். சிரிப்புக்குக் காரணம் உங்களில் பலருக்குத் தெரியும். வாத்தியார் முன்னால் யாராவது சினிமாப் பேச்சை எடுத்தால், "அத விட்டுட்டுப் பரீட்சைக்குப் படிக்கிற வழியப் பாரு" என்பார். ஆனால் அவருக்கும் எனக்கும் நடந்த கடைசிச் சண்டை ஒரு சினிமாவைப் பற்றித்தான். மாதக்கணக்கில் நீண்ட சண்டை அது. அதைத்தான் இன்று உங்கள் முன்னால் வைக்கப் போகிறேன்.

2018 அக்டோபர். 'பரியேறும் பெருமாள்' வெளியாகி ஒரு வாரம் இருக்கும். சிதம்பரத்திலிருந்து பதினோரு மாணவர்களைப் பஸ்ஸில் ஏற்றிக் கடலூருக்குக் கூட்டிப் போனேன். சட்டக் கல்லூரியில் சேர ஆசைப்பட்ட தம்பி ஒருவனும் அதில் இருந்தான். அவனுக்காகத்தான் போனோம் என்றுகூடச் சொல்லலாம், படத்தில் பரியன் சட்டம் படிக்கிறவன். இடைவேளையில் எல்லோரும் டீ குடிக்கப் போனபோது அவன் என்னிடம் வந்தான். "அக்கா, நான் பஸ் ஸ்டாண்டுல இருக்கேன். படம் முடிஞ்சதும் வாங்க" என்றான். ஏன் என்று கேட்டேன். "அவன எப்படியும் கொன்னுடுவாங்க. அத வேற நான் பாக்கணுமா?"

நான் தடுக்கவில்லை. எனக்கும் அதே எண்ணம்தான்.

பரியன் சாகவில்லை என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். நான் கேட்க நினைப்பது வேறு. பத்தொன்பது வயதுப் பையனுக்கு, பாதிப் படத்திலேயே, அவ்வளவு உறுதியாக அந்த முடிவு எப்படித் தெரிந்தது? யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

நாம் உட்கார்ந்திருக்கும் ஊரிலிருந்தே தொடங்கலாம். தமிழ் சினிமா பேசத் தொடங்கியது 1931-இல். நாலே வருடத்தில், 1935-இல், நந்தனார் கதை படமானது. கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார், அதற்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். 1942-இல் ஜெமினி மறுபடியும் எடுத்தது, தண்டபாணி தேசிகர் நந்தனார். கொட்டகைக்குள் நுழைகிற யாருக்கும் கதை எங்கே போய் முடியும் என்பதில் சந்தேகம் இருந்திருக்காது. ஆதனூர்க்காரன் தில்லைக்கு வருவான், வாசலில் நிற்பான், தீ மூட்டுவார்கள், உள்ளே இறங்குவான். பெரியபுராணத்தில் அவன் தீயிலிருந்து பூணூல் அணிந்த முனிவனாக எழுந்து வருகிறான். சமூகவியல் வகுப்பில் எம்.என்.சீனிவாஸின் சமஸ்கிருதமயமாக்கம் பற்றிப் படித்த அன்று எனக்கு இந்தக் காட்சிதான் ஞாபகம் வந்தது. உள்ளே போக வேண்டுமானால் உன் உடம்பை வெளியே எரித்துவிட்டு வா என்பதுதானே அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி, சேக்கிழாரிடம் இல்லாத ஒரு வேதியரையும் சேர்த்தார். சிதம்பரம் போக அந்தப் பண்ணைக்காரரிடம் நந்தன் கெஞ்ச வேண்டியிருந்தது. சினிமாவுக்கு வந்தது இந்தக் கெஞ்சுகிற நந்தன்தான்.

அதே நந்தன் பெயரை 1916 வாக்கில் சுவாமி சகஜானந்தா இதே சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வைத்தார். வாத்தியார் அடிக்கடி சொல்வார்: "நந்தன் செத்தது தெற்கு வாசல்ல, பொழச்சது பள்ளிக்கூடத்துல." சகஜானந்தரோடு எனக்குச் சில கருத்து வேறுபாடுகள் உண்டு, அவற்றை இன்னொரு கூட்டத்தில் பேசலாம். ஆனால் முடிவு தெரிந்த ஒரு கதையின் முடிவை மாற்றியவர் அவர். இந்த அரங்கில் இருக்கும் சிலருடைய தாத்தாக்கள் அந்தப் பள்ளியில் சோறு தின்று படித்தவர்கள்.

சினிமா மாற்றவில்லை. நான் வளர்ந்தது தொண்ணூறுகளில். 'சின்னக் கவுண்டர்', 'தேவர் மகன்', 'எஜமான்', 'நாட்டாமை' என்று வரிசையாக வந்த காலம். டென்ட் கொட்டகை மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து பார்த்தோம். காலனியிலிருந்து போன நாங்களும் நாட்டாமைக்கு விசில் அடித்தோம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அடித்தோம். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கும் ஆளைப் பார்த்து, அது நம் சித்தப்பாதான் என்று அந்த வயதில் தோன்றவேயில்லை.

1997-இல் 'பாரதி கண்ணம்மா' வந்தது. பண்ணையாள் பாரதி, எஜமானின் மகள் கண்ணம்மா. அவள் செத்துப்போகிறாள், எரிகிற சிதையில் இவன் குதிக்கிறான். சேரன் நல்ல எண்ணத்தோடுதான் எடுத்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நந்தனுக்கு மூட்டிய தீ அறுபது வருடம் கழித்தும் அணையவில்லை என்பதைக் கவனியுங்கள். என் அம்மா அன்று அழுதாள். "நல்ல புள்ள, இப்படிப் பண்ணிட்டானே" என்றாள். யாரோ கொன்றதாகக்கூட அவளுக்குப் படவில்லை.

அடுத்ததைக் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2003 மே மாதம் கண்ணகியும் முருகேசனும் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலையில், விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில், இருவருக்கும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். முருகேசன் பொறியியல் படித்தவர். நம் வீடுகளில் ஒரு பிள்ளை படித்து மேலே வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. மறு வருடக் கடைசியில் 'காதல்' படம் வந்தது. அதில் முருகனைக் கொல்லவில்லை, அடித்துப் பைத்தியமாக்கித் தெருவில் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாடே கண்ணீர் விட்டது. எங்கள் பக்கத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உசுரையாவது விட்டாங்களே" என்றார்கள். உயிர் மிஞ்சியதே அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அந்தத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டேன் அல்லவா, இவர்கள்தான். பாதி வேலையைப் பேப்பர் செய்தது, பாதியைக் கொட்டகை செய்தது.

இந்த எதிர்பார்ப்பை முதலில் உடைத்த படம் எது என்று கேட்டால் பலர் 'மெட்ராஸ்' என்பார்கள், 'கபாலி' என்பார்கள். நான் 'அட்டகத்தி' என்பேன். 2012 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. தினகரன் என்ற பையன். பஸ்ஸில் தொங்குகிறான், பார்க்கிற பெண்ணையெல்லாம் காதலிக்கிறான். வீட்டில் மாட்டுக்கறி மணக்கிறது, அதைப் பற்றி யாரும் வசனம் பேசவில்லை, சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். கடைசியில் அவன் உருகி உருகிக் காதலித்த பெண் இன்னொரு தினகரனோடு போய்விடுகிறாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இப்போது ஏதோ நடக்கும், கத்தி வரும், தண்டவாளம் வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பையன் கொஞ்சம் அழுகிறான், வாத்தியார் வேலைக்குப் போகிறான், கல்யாணம் பண்ணிக்கொள்கிறான். காதலில் தோற்றுப்போய் அசடு வழிகிற உரிமைகூட நம் பையன்களுக்குத் திரையில் அதுவரை கிடைத்ததில்லை. நான் தனியாகச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தது நினைவிருக்கிறது.

அந்தச் சிரிப்பு மூன்று மாதம்கூட நிற்கவில்லை. நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம் காலனியும் பக்கத்துக் காலனிகளும் எரிந்தன. காரணம் ஒரு கல்யாணம். படம் ஊரை மாற்றிவிடும் என்று நான் சொல்லவரவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது பரியனுக்கு வருகிறேன். முதல் காட்சியிலேயே கருப்பி என்ற நாயைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொல்கிறார்கள். கோகுல்ராஜை 2015-இல் ரயில் பாதையில் பார்த்தவர்கள் நாம். தண்டவாளத்தைக் காட்டினாலே நமக்கு அடுத்தது தெரியும். சாவைச் சாவு போலத் தெரியாமல் செய்து முடிக்கும் ஒரு கிழவரையும் மாரி செல்வராஜ் நடமாட விடுகிறார். கூத்தில் பெண் வேடம் கட்டும் அப்பாவின் வேட்டியை உருவி ஓடவிடுகிறார்கள். எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போகிறது. பையன் தண்டவாளத்துக்கும் வந்துவிடுகிறான். அங்கே அவன் எழுந்து அடிக்கிறான், கடைசியில் தண்டவாளத்தில் தலை வைப்பது அந்தக் கிழவர்.

சரி, இனிமேல் பழிவாங்கும் படம் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. அந்தப் பெண்ணின் அப்பா கல்லூரிக்கு வருகிறார். பரியன் அவரோடு உட்கார்ந்து பேசுகிறான். நீங்கள் நீங்களாகவே இருக்கும்வரை, என்னை நாயாக வைத்திருக்கும்வரை எதுவும் மாறப்போவதில்லை என்ற பொருளில் முகத்துக்கு நேராகச் சொல்கிறான். பிறகு டீ குடிக்கிறார்கள். கடைசியில் இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு பூ.

தியேட்டரில் விசில் இல்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் தம்பியைத் தேடினோம். ஒரு பையன் ஓடிப்போய், "டேய், அவன் சாகலடா" என்றான். தம்பி நம்பவில்லை, கிண்டல் செய்கிறோம் என்று நினைத்தான். கோபித்துக்கொண்டு சிதம்பரம் வரைக்கும் பஸ்ஸில் யாரோடும் பேசவில்லை.

வாத்தியாரோடு சண்டை தொடங்கியது அந்த வாரம்தான். அவரும் பார்த்திருந்தார். அவருக்கு அந்தக் கடைசிக் காட்சி ஆகவேயில்லை. "கொல்லப் பாத்தவனுக்கு டீயா?" என்றார். "நந்தன் வாசல்ல நின்னு கேட்டான். இவன் டேபிள்ல உக்காந்து கேக்கறான். கேக்கறது மட்டும் நிக்கல." அவர் கண்ணகி-முருகேசன் வழக்குக்காக அலைந்தவர்களில் ஒருவர். படம் வந்தபோது அந்த வழக்கு பதினைந்து வருடமாக முடியாமல் கிடந்தது. 2021 செப்டம்பர் 24 அன்றுதான் கடலூர் நீதிமன்றம் ஒருவருக்குத் தூக்கும் பன்னிரண்டு பேருக்கு ஆயுளும் விதித்தது. அந்தத் தூக்கு பின்பு ஆயுளானது. சாட்சிகள் பிறழ்ந்ததைக் கண்ணால் பார்த்த மனுஷனிடம் போய் உரையாடல் என்று நான் பேசினால் கோபம் வராதா?

ஆனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நந்தன் அனுமதி கேட்டான், பரியன் எதையும் கேட்கவில்லை, பொறுப்பை அந்த ஆளின் தலையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போகிறான் என்றேன். அதோடு இன்னொன்றும் சொன்னேன். பரியன் செத்திருந்தால் ஆதிக்க சாதிப் பார்வையாளன் அழுதுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பான், 'காதல்' பார்த்துவிட்டுப் போன மாதிரி. பரியன் உயிரோடு இருப்பதுதான் அவனுக்குச் சங்கடம். நாளைக்கும் அதே பெஞ்சில் வந்து உட்காருவான் அல்லவா? வாத்தியார், "நீ எழுத்தாளர், உனக்கு எல்லாத்துக்கும் விளக்கம் இருக்கும்" என்று முடித்துவிட்டார்.

'ஜெய் பீம்' வந்தபோது சண்டை வேறு பக்கம் திரும்பியது. அது நம் மாவட்டத்துக் கதை. 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்த சித்திரவதை, முதனை கிராமத்துப் பெண்ணின் போராட்டம், வழக்கறிஞர் சந்துருவின் ஆட்கொணர்வு மனு. குறவர் வாழ்க்கையை இருளர் வாழ்க்கையாக மாற்றியது எனக்கு உறுத்தல். வழக்கறிஞர் பெரிதாகி, அந்தப் பெண்ணோடு நின்ற ஊர்த் தோழர்கள் சிறுத்துப்போனதும் உறுத்தல். ஆனால் கடைசிக் காட்சி. வழக்கறிஞர் எதிரே நாற்காலியில் ஒரு சின்னப் பெண் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் விரிக்கிறாள்.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 2020 அக்டோபரில், ஒரு புகைப்படம் வெளியே வந்தது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் தெற்குத்திட்டை ஊராட்சி. மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நம் பெண் தரையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிறுமியின் நாற்காலி சினிமா ஜோடனையாகத் தெரியாது. இந்த ஒரு காட்சியில் மட்டும் வாத்தியாரும் நானும் ஒத்துப்போனோம். "அந்தப் புள்ள யாருகிட்டயும் கேக்காமயே உக்காந்திருக்கலாம்" என்று ஒரு திருத்தம் போட்டார், வாத்தியார் இல்லையா.

பெண்ணாக எனக்கு ஒரு பாக்கி இருக்கிறது. இதுவரை நான் சொன்னதெல்லாம் பையன்கள் கதை. தலித் பெண் திரையில் வந்தால் அவளுக்கு என்ன நடக்கும் என்பது பரியனுக்கு நடப்பதைவிட உறுதியாக நமக்குத் தெரியும், அதை நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். 2022-இல் 'நட்சத்திரம் நகர்கிறது' பாண்டிச்சேரியில் நடக்கும் கதையாக வந்தது. அதில் ரெனே தன் பெயரைத் தானே வைத்துக்கொள்கிறாள், காதலனோடு சண்டை போட்டு வெளியேறுகிறாள், தன்னிடம் தப்பாக நடந்தவனைத் திருத்துவதா விலக்குவதா என்று அவளே முடிவெடுக்கிறாள். படம் கொஞ்சம் இழுவைதான். ஆனால் ரெனேவை யாரும் காப்பாற்றவில்லை, அவள் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. தொலைக்காட்சித் தொடர்களில் இன்னும் பூஜை அறையைத் தாண்டி எதுவும் நடப்பதில்லை. இணையத்தில் வந்த 'அயலி' ஒன்றுதான் என்னை ஏமாற்றாமல் ஆச்சரியப்படுத்தியது. வயசுக்கு வந்ததை மறைத்துப் பள்ளிக்கூடம் போகிற பெண்ணின் கதை. நம் பெண்கள் கதை அல்ல, ஆனாலும் நம் தங்கைகள் பார்க்க வேண்டும்.

வாத்தியார் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு ஞாயிறு மதியம் போன் செய்தார். டிவியில் 'பரியேறும் பெருமாள்' போட்டிருந்தார்களாம். மறுபடியும் முழுசாகப் பார்த்திருக்கிறார். ஒத்துக்கொள்ளப் போகிறார் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டேன். "எனக்கு இன்னும் அந்த ஆளோட டீ குடிச்சது புடிக்கல" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. சின்ன வயதில் அவர் டீ குடித்தது கொட்டாங்கச்சியில். கடைக்கு வெளியே வேலியில் சொருகி வைத்திருப்பார்களாம், அவரே எடுத்துக் கழுவி நீட்ட வேண்டும். அதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறார்.

"ஆனா ஏம்மா, அந்தக் கடைசில ரெண்டு வச்சிருக்கான் பாரு" என்றார். "ரெண்டும் கண்ணாடி கிளாஸ்தான். நான் எழுந்து டிவி கிட்டப் போய்ப் பாத்தேன்."