உளியும் தமிழும்



செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரையூராகிய மாமல்லபுரம் செல்வோர், பல்லவர் குடைந்த குன்றுகளையும் ஒற்றைக்கற் கோயில்களையும் கண்டு வியந்து மீள்வர். அக்கலையை இன்றும் பயிற்றும் அரசினர் கல்லூரி அவ்வூரிலேயே உண்டென்பதை அறிந்தோர் சிலரே!

1957ஆம் ஆண்டில் சிற்பப் பயிற்சி நிலையமாக அது தோன்றிற்று. வைத்தியநாதத் தபதியார் முதலில் அதனை வழிநடத்தினார். அவர்தம் மைந்தர் கணபதித் தபதியார் பின்னர்ப் பல்லாண்டு தலைமையேற்று வளர்த்தார். குமரிக்கடற் பாறைமேல் 2000ஆம் ஆண்டின் முதல்நாளில் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலை இவர் வகுத்ததே. அடித்தளம் 38 அடி. அஃது அறத்துப்பால் அதிகாரங்களின் எண். சிலை 95 அடி. அஃது ஏனை இருபாலின் எண். ஆக 133 அடி. குறளையே அளவுகோலாக்கிக் கல்லில் நிறுத்திய தமிழுள்ளம் அது!

இத்தகைய கல்லூரியால் விளைந்த நன்மை யாது? முன்னாளில் தந்தை மகனுக்கும், ஆசான் தன் பட்டறை மாணாக்கனுக்குமே உரைத்த கலை, பொதுக்கல்வி ஆயிற்று. உளி பிடித்தறியாக் குடியிற் பிறந்த உழவர் மக்களும் பரதவர் மக்களும் அதனைக் கற்க வழி பிறந்தது.

ஆயின், வழியில் ஒரு தடை கிடக்கிறது. பட்டறையிற் பிறந்தவன் தொழிற்சொற்களைக் கேட்டே கற்றான். புதிதாய் வருபவனோ நூலை நாட வேண்டும். நூலில் தாங்குதளம் 'அதிட்டானம்' ஆகிறது. கொடுங்கை 'கபோதம்' ஆகிறது. கொடுங்கை என்றதும் வளைந்த கை மனத்தில் எழும். கூரை விளிம்பின் வடிவத்தைச் சொல்லே காட்டிவிடும். கபோதம் என்றால் மாணவன் என்ன காண்பான்? பொருளறியாது நெட்டுருச் செய்வான்!

சிற்பநூல்கள் வடமொழியில் உள்ளனவே என்பார் உளர். தொல்காப்பியம் நடுகற்கு வகுத்த காட்சி, கால்கோள், நீர்ப்படை என்னும் சொற்களை அவர் நோக்குக. கல் தேர்தலும் நடுதலும் அன்றே தமிழிற் பெயர் பெற்றன. தட்டிய ஓசை கேட்டு ஆண்கல், பெண்கல் எனப் பகுத்தறிதலும் தமிழ்ச்சிற்பியர் வழக்கே. ஏடு எம்மொழியினதாயினும், செதுக்கிய கை தமிழ்க்கை. அக்கைக்குக் கட்டளையிட்ட சொல்லும் தமிழ்ச்சொல்.

அச்சொற்களுட் பல, முதிய சிற்பியர் நாவில் மட்டுமே வாழ்கின்றன. அவர் மறைந்தால் அவையும் மறையும். ஆதலின் தமிழன்பர்காள்! தத்தம் ஊர்ச் சிற்பியரிடம் செல்லுங்கள். கருவிப்பெயரும் உறுப்புப்பெயரும் அளவைப்பெயரும் கேட்டு எழுதுங்கள். படத்தோடு கூடிய சொற்சுவடியாக அவை மாணவர் கையில் சேரட்டும். கல்லூரியைத் திறந்தது அரசின் கடன். கலையைத் தமிழால் திறப்பது நம் கடன்!