பனிமலையும் மாமல்லைப் பாறையும்

நேற்றிரவு சொற்பொழிவு முடிந்ததும் முதிய அம்மையார் ஒருவர் கைத்தடியுடன் வந்து, "ஐயா, கயிலைக்குப் போகவேண்டுமென்ற ஆசையிலேயே ஆயுள் கழிந்துவிட்டது. இந்தத் திருக்கழுக்குன்றத்துப் படிகளையே இனி ஏறமுடியாது. எனக்குக் கயிலை இல்லையா?" என்று கேட்டார். நேற்று விடை கூற நா எழவில்லை. இன்று கூறுகின்றேன்.

திருக்கயிலை திபெத்தில் 6,638 மீட்டர் உயர்ந்து நிற்கும் பனிமுடி. அதனைச் சூழ்ந்த மேட்டுநிலத்தே சிந்து, சட்லெஜ், பிரம்மபுத்திரா, கங்கையிற் கலக்கும் கர்னாலி என நான்கு ஆறுகள் தோன்றுகின்றன. நான்கும் மலையடியிலேயே ஊறுவன என்பார் உளர்; அது மிகை. முன்னிரண்டும் கூடி அரபிக் கடலை அடைய, பின்னிரண்டின் நீர் வங்கக் கடலைச் சேர்கின்றது. ஒரே மேட்டின் பனி இரு கடலுக்கும் பங்காகின்றது. நான்மறையே மலையாகிய வேதகிரியை நாளும் தொழும் உங்களுக்கு இந்த நான்கின் கணக்கை நான் விரிக்க வேண்டுவதில்லை.

அம்முடியில் மனிதர் எவரும் ஏறியதாகப் பதிவில்லை. அடியார்கள் வலம் வருவதோடு அமைவர். அவ்வலம் ஏறத்தாழ 52 கிலோமீட்டர். இடையே 5,600 மீட்டருக்கு மேற்பட்ட கணவாய் ஒன்றைக் கடக்கவேண்டும். நம் நாட்டார் செல்லும் யாத்திரை 2020-இல் நின்று, 2025-இல் மீண்டும் தொடங்கியது. வலியுடையார் செல்லட்டும். காரைக்கால் அம்மையாரோ, அம்மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தார்!

முதுமையுற்ற அப்பர் பெருமான் நடந்தார், பாதம் தேய்ந்தது. கையூன்றித் தவழ்ந்தார், மார்பால் ஊர்ந்தார், உடம்பு முழுதும் தேயப் புரண்டார். அவர் கயிலையை அடைந்தாரா? இல்லை. இறைவன் பணித்தவாறு அங்கொரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். கயிலைக் காட்சி கிடைத்தது காவிரிக் கரையில். அம்மையே, செல்ல இயலாதார்க்கென்றே அந்தக் குளம் இருக்கின்றது!

நாளைக் காலை மாமல்லபுரம் பேருந்தில் ஏறுங்கள். பெரும்பாறைச் சிற்பத்தின் முன் அமருங்கள். நடுவே ஒரு பிளவு, அதில் நாகர்கள். முற்காலத்தில் மேலிருந்து நீர் விழச் செய்திருப்பர் என்பர். அருகே ஒற்றைக் காலில் ஒரு தவசி, எலும்பெண்ணலாம். எதிரே வரமருளும் பெருமான். தவசி பகீரதனா, அருச்சுனனா என்று அறிஞர் வழக்காடுவர். நமக்கு அவ்வழக்கு வேண்டா. கீழே பூனைத் தவசியார் ஒருவரும் உண்டு. அவரைப் பார்த்துச் சிரித்து நேரத்தைப் போக்கிவிடாதீர்கள்!

அங்கிருந்து கடற்கரைக்கு மெல்ல நடந்து செல்லுங்கள். அது வங்கக் கடல். அப்பனிமேட்டு நீர் வந்து கலக்கும் கடல் அதுவே. குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையை ஒரு கை அள்ளித் தரச்சொல்லித் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள்.

திருச்சிற்றம்பலம்.