பெட்டி கட்டும்போது

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"புதுசா வர்ற பசங்க என்னென்ன எடுத்துட்டு வரணும்னு ஒரு பத்து நிமிஷம் பேசுங்கண்ணே" என்று செயலாளர் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டி கட்டத் தெரியாமல் கட்டி வந்து, இந்தக் கல்லூரி அலுவலக வாசலில் அசடு வழிய நின்றவன் நான்.

எனக்குச் சொந்த ஊர் தம்மம்பட்டி. சுவேத நதி ஓரத்து ஊர். மரச் சிற்பத்துக்குப் பேர்போனது. என் அப்பாவும் வாகை மரத்தில் சாமி செதுக்கிய ஆசாரிதான். 1974-இல் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, புகுமுக வகுப்பில் சேர ஆத்தூர், வாழப்பாடி வழியாகச் சேலத்துக்கு பஸ் ஏறினேன். தகர டிரங்குப் பெட்டிக்குள் இரண்டு வேட்டி, மூன்று சட்டை, பவானி ஜமுக்காளம், எவர்சில்வர் தட்டு, டம்ளர், அம்மா இடித்துக் கொடுத்த பருப்புப் பொடி. மேலாக, காகிதத்தைச் சுருட்டி அடைத்த தேங்காய் எண்ணெய் பாட்டில். அதற்குப் பக்கத்திலேயே எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்!

மீதியை நான் சொல்ல வேண்டுமா? அலுவலகத்தில் பெட்டியைத் திறந்தால், இந்தப் பக்கத்து மார்க்கும் அந்தப் பக்கத்து எழுத்தும் ஒன்றாகத் தெரிகின்றன. எழுத்தர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஏம்ப்பா, இதுல பஜ்ஜி மடிச்சுட்டு வந்தியா?" என்றார். நல்லவேளை, எழுத்து அழியவில்லை. சேர்த்துக்கொண்டார்கள்.

ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. தன் உளிப் பையை விரித்துக் காட்டினார். ஒவ்வொரு உளிக்கும் தனித்தனிச் செருகல். "ஒண்ணோட ஒண்ணு மோதுனா முனை போயிரும் கண்ணு. எது கெட்டா மறுபடி வாங்க முடியாதோ, அதுக்குத்தான் மொதல்ல எடம் பண்ணணும்" என்றார். பெட்டி கட்டுவதற்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியாது.

ஆகவே தம்பி தங்கைகளே, முதலில் சான்றிதழ்கள். மாற்றுச் சான்றிதழைக் கல்லூரியில் கொடுப்பதற்கு முன்பே நாலைந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் நீங்கள்தான் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழ், எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில், கைப்பையில் இருக்கட்டும். செல்போனிலும் ஒரு நகல். அடுத்து, உங்கள் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கு. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் போன்ற திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் மாணவர் கணக்குக்கே நேராகப் போகும்படி ஏற்பாடு செய்தார்கள். கணக்கு இல்லாவிட்டால் உதவி வாசலோடு நின்றுவிடும். பிறகு ஒரு பூட்டு, போர்வை, காய்ச்சல் மாத்திரை, ஊசி நூல், வாளி. வாளியை இங்கேயே வாங்கலாம். ஊரிலிருந்து சுமக்க வேண்டாம். எண்ணெய் பாட்டில் தனிப் பையில். மறந்துவிடாதீர்கள்!

இவ்வளவும் சுலபம். பெட்டியில் வைக்க முடியாத ஒன்றும் இருக்கிறது.

என் அறையில் கொல்லிமலைப் பக்கத்து நண்பன் ஒருவன் இருந்தான். வந்தபோது ஒரு மஞ்சள் பைதான் கொண்டுவந்தான். என் ஜமுக்காளத்தில் பாதி அவனுக்கு. கணக்கில் புலி. மெஸ்ஸில் அப்போது டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவைத் தலைக்கு இவ்வளவென்று பிரித்துப் போடுவார்கள். பாக்கிப் பட்டியலில் அவன் பெயர் இரண்டு மாதம் தொங்கியது. நானும் பார்த்தேன். கேட்டால் சங்கடப்படுவானோ என்று சும்மா இருந்துவிட்டேன். சொன்னால் கேவலம் என்று அவனும் சொல்லவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவேயில்லை. அந்தப் பாக்கி என் ஒரு மாதக் கைச்செலவுகூட இருந்திருக்காது. ஐம்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கும் பொங்கல் விடுமுறை வந்தால் அவன் ஞாபகம் வருகிறது.

அதனால் சொல்கிறேன்: "எனக்கு முடியல" என்று சொல்லும் வாயையும் கூடவே எடுத்து வாருங்கள். பணமில்லை என்றாலும், பாடம் புரியவில்லை என்றாலும், உடம்புக்கு முடியவில்லை என்றாலும் விடுதிக் காப்பாளரிடம் சொல்லுங்கள், அறை நண்பனிடம் சொல்லுங்கள். யாராவது ராகிங் என்று தொந்தரவு செய்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நம் தமிழ்நாட்டில் 1997-லேயே அதற்குத் தனிச்சட்டம் வந்துவிட்டது.

என் வயதுக்கார நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாம் போய்க் கேட்போம். ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலுக்கு முன்பு, மெஸ் பாக்கியால் எந்தப் பிள்ளையாவது நின்றுபோகும் நிலையில் இருக்கிறதா என்று காப்பாளரிடம் விசாரித்து, பெயர் வெளியே தெரியாமல் கட்டிவிடும் வேலையை நம் சங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் தொகையை நான் இன்று செயலாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் போகப் போகிறேன்.