நந்தன் இன்னும் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

(கடலூர் முதுநகரில் நண்பர்கள் கூடிய வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2025 ஆகஸ்டில் தனுஷ் நடித்த 'அம்பிகாபதி' மறுபடி திரைக்கு வந்தது. 2013-இல் வந்தபோது அதன் நாயகன் கடைசியில் இறந்துபோவான். புதிய பிரதியில் செயற்கை நுண்ணறிவை வைத்து அவனைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். இயக்குநர் ஆனந்த் எல்.ராய் எதிர்த்தார். தனுஷும் எதிர்த்தார். அந்த வாரம் நம் வட்டத்துத் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "அக்கா, அப்படின்னா நந்தனார் படத்தையும் மாத்திடலாமே? அந்தக் கும்பிடுற காட்சியெல்லாம் எதுக்கு?"

விளையாட்டான கேள்வி இல்லை அது. இங்கே முதுநகரில் ரயில் ஏறினால் சிதம்பரம் பக்கம்தான். நாம் நினைத்த நேரத்தில் போய் வருகிற ஊருக்கு, "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று காலம் தள்ளியவனின் கதை அது.

நந்தனார் கதை தமிழில் பலமுறை படமாகியிருக்கிறது. 1935-இல் கே.பி.சுந்தராம்பாள் ஆண் வேடமிட்டு நந்தனாராக நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத பண்ணையாளின் வேடத்துக்கு! 1942-இல் எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி எடுத்தது. தண்டபாணி தேசிகர் நந்தனார், செருகளத்தூர் சாமா வேதியர்.

கதை உங்களுக்குத் தெரியும். சிதம்பரம் போக நந்தன் பண்ணைக்கார வேதியரிடம் உத்தரவு கேட்கிறான். நாற்பது வேலி நிலத்தையும் ஒரே இரவில் விளைவித்து அறுவடை செய்துவிட்டுப் போ என்கிறார் அவர். சிவன் அருளால் வேலை முடிகிறது. வேதியருக்கு ஞானம் வருகிறது. கவனியுங்கள், ஒரு கூலியாளுக்கு ஒருநாள் லீவு கிடைக்கக் கடவுளே வயலில் இறங்க வேண்டியிருக்கிறது.

'இது பக்திக் காவியம், கை வைக்காதே' என்பார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி: பெரியபுராணத்தில் அந்த வேதியரே கிடையாது. சேக்கிழார் சொன்னது ஆதனூர், திருப்புன்கூர், தில்லை, தீ. வேதியரும் நாற்பது வேலியும் 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் சேர்த்தவை. மூலத்திலிருந்து மாறுகிறது என்பதால் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கியதை உ.வே.சா. எழுதியிருக்கிறார். அயோத்திதாசப் பண்டிதர் நந்தனைப் பௌத்த அரசன் என்றார். புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' எழுதினார். இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை'யை நாடகமாக்கினார். ஆக, நந்தன் கதையை மாற்றாதவர் யார்? மாற்றும் உரிமை நமக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது?

ஆனால் கதை வேறு, படம் வேறு. கதையை யாரும் புதிதாகச் சொல்லலாம். படமோ ஒரு காலத்தின் சாட்சியம். மதுரை மீனாட்சி கோயில் நுழைவு 1939-இல் நடந்தது. மதராஸ் மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-இல் வந்தது. இடையில் வந்த படம் இது. காந்தி நந்தனைச் சத்தியாகிரகிக்கு எடுத்துக்காட்டாகச் சொன்ன காலம். அன்றைய நல்ல மனசுக்காரர்கள் தலித்தை எப்படிக் கற்பனை செய்தார்கள்? பொறுமையாக, அழுதபடி, அனுமதிக்குக் காத்திருப்பவனாக. அந்தக் காட்சிகளை வெட்டினால் நமக்கு நேர்ந்த அவமானம் போகாது. அவமானப்படுத்தியதற்கான தடயம்தான் போகும்.

"அப்போ சாதிப்பெயரைச் சொல்லித் திட்டுகிற காட்சியை நம் பிள்ளைகள் டிவியில் பார்க்கணுமா?" என்று கேட்கலாம். நியாயம். வீட்டுக் கூடத்துக்குள் கேட்காமல் வருகிற நகைச்சுவைத் துணுக்கில் அந்தச் சொல்லை அணைக்கட்டும், நான் எதிர்க்க மாட்டேன். மூலப் பிரதியில் மட்டும் கை வைக்கக் கூடாது. அது அப்படியே பாதுகாக்கப்பட வேண்டும்.

என் ஆயா இந்தப் படத்தை டூரிங் டாக்கீஸில் மணலில் உட்கார்ந்து பார்த்தவர். தேசிகர் பாட்டு என்றால் கண் கலங்கிவிடும். ஆனால் அதே ஆயா சொல்வார்: "அந்த ஐயருகிட்ட என்னாத்துக்குக் கேட்டுக்கிட்டு நிக்குறான்? ராவோட ராவா நடந்திருந்தா விடியறதுக்குள்ள பாதி தூரம் போயிருப்பான்." நாம் கணினியில் மாற்ற நினைக்கும் படத்தை ஆயா அங்கேயே மனசுக்குள் மாற்றிவிட்டார். அந்த அழுகையும் அந்தக் கோபமும் ஒரே ஆளுடையவை. படத்தை வெட்டினால் இரண்டையும் சேர்த்து வெட்டுகிறோம்.

சரி, மறுபடி எடுக்கலாமா? அதே உத்தரவு கேட்கும் நந்தனை வண்ணத்தில் எடுப்பதால் யாருக்கு லாபம்? பதில் படம் எடுக்கலாம். 1992-இல் 'தேவர் மகன்' படத்தில் வடிவேலு இசக்கி. 2023-இல் மாரி செல்வராஜின் 'மாமன்னன்' படத்தில் அதே வடிவேலு சட்டமன்ற உறுப்பினர். அந்த இசக்கிதான் இந்த மாமன்னன் என்று மாரி வெளிப்படையாகவே சொன்னார். பழைய படத்தில் ஒரு காட்சியைக்கூட அவர் வெட்டச் சொல்லவில்லை. இனி 'தேவர் மகன்' பார்க்கிறவர் இசக்கியைக் கடந்துபோக முடியாது.

2024-இல் இரா.சரவணன் இயக்கிய 'நந்தன்' வந்தது. அதில் நந்தன் கோயில் வாசலில் நிற்கவில்லை. தனி ஊராட்சியில் பெயருக்குத் தலைவராக்கப்பட்டவரின் கதை. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அது கற்பனை இல்லை. 2020-இல் தெற்குத் திட்டையில் பட்டியலினப் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படத்தை நாடே பார்த்தது.

சிதம்பரத்திலும் கதை முடியவில்லை. நந்தன் நுழைந்ததாகச் சொல்லப்படும் தெற்கு வாயிலை அடைத்திருக்கும் சுவரை அகற்றக் கோரி 2010-இல் போராட்டம் நடந்தது. அதே ஊரில்தான் 1916-இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். வாசலில் நிறுத்தப்பட்டவனின் பெயரில் ஒரு வகுப்பறை! நந்தன் கதைக்கு நான் பார்த்ததிலேயே சிறந்த மறு ஆக்கம் அதுதான்.

ஆகவே தம்பிக்கு என் பதில் இது. பழைய படத்தை வெட்டாதே, வைத்திரு. புதுப் படம் வந்தால் ஒரே கேள்வி கேள்: இதில் யார் அனுமதி கேட்கிறார், யார் அனுமதி தருகிறார்? அந்த இடம் மாறியிருந்தால் அது புதுப் படம். மாறாவிட்டால் எத்தனை கோடி கொட்டினாலும் பழைய படம்தான்.

அடுத்த கூட்டத்தில் 1942 'நந்தனார்' படத்தை ஒரு காட்சியும் விடாமல் போடுவோம். உங்கள் அம்மாவை, ஆயாவைக் கூட்டி வாருங்கள். எந்த இடத்தில் அழுகிறார்கள், எந்த இடத்தில் திட்டுகிறார்கள் என்று எழுதி வையுங்கள். நாம் எடுக்க வேண்டிய படத்தின் திரைக்கதை அங்கே இருக்கிறது.

ஜெய்பீம்.