ஒரே புரதம், மூன்று வேலை



தலைமையுரை என்றால் துறை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவது வழக்கம். நான் ஒரே ஒரு மரபணுவோடு நிறுத்திக்கொள்கிறேன். மூளை வளர்ச்சி, திசுச் சீரமைப்பு, புற்றுநோய் என்னும் நம் மாநாட்டின் மூன்று பொருள்களுக்கும் அது போதும்.

1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் செம்மறிகள் ஒற்றைக்கண் குட்டிகளை ஈன்றன. வேளாண் துறை ஆய்வாளர்கள் பல ஆண்டு தேடிக் கண்டுபிடித்த காரணம், மேய்ச்சல் நிலத்தில் வளரும் ஒரு நச்சுச் செடி. சினையான 14ஆம் நாளையொட்டித் தாய் அதைத் தின்றால் குட்டிக்கு இந்தக் கேடு வந்தது. செடியிலிருந்த நஞ்சுக்குச் சைக்ளோபமைன் என்று பெயரிட்டார்கள். அது எதைத் தடுக்கிறது என்பது மட்டும் விளங்கவில்லை.

விடை வேறொரு மூலையிலிருந்து வந்தது. 1980இல் ஹைடெல்பெர்க்கில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷவுஸும் பழ ஈயின் புழுக்களை ஆராய்ந்தபோது, ஒரு மரபணு கெட்டால் புழுவின் உடலெங்கும் முள் மண்டுவதைக் கண்டு அதற்கு ‘ஹெட்ஜ்ஹாக்’ என்று பெயர் வைத்தார்கள். 1993இல் முதுகெலும்பிகளிலும் அதன் உறவுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றுக்கு வீடியோ விளையாட்டுப் பாத்திரத்தின் பெயர்: சோனிக் ஹெட்ஜ்ஹாக். இந்தப் பெயரைப் பின்னாளில் ஒரு மருத்துவர் பெற்றோரிடம் சொல்ல நேரும் என்று அன்று யார் நினைத்தார்கள்!

கருவின் முன்மூளை இரு பாதியாகவும், அதோடு கண் இரண்டாகவும் பிரிய இம்மரபணு தரும் புரதம் வேண்டும். மனிதரில் இதன் ஒரு பிரதி பழுதானாலும் அந்தப் பிரிவினை தவறலாம் என்று 1996இல் தெரிந்தது. செடியின் நஞ்சு தடுத்தது இந்தப் புரதத்தின் சமிக்ஞையைத்தான் என்பது 1998இல் உறுதியானது.

முன்மூளையோடு அதன் பணி முடியவில்லை. சிறுமூளையில் பர்கின்ஜி செல்கள் இதே புரதத்தைச் சுரந்து, நரம்பணுக்களாகப் போகும் இளஞ்செல்களைப் பெருகச் செய்கின்றன. உரிய காலத்தில் பெருக்கம் நிற்க வேண்டும். ‘பேட்ச்டு’ என்னும் தடைப்புரதம் பழுதாகிச் சமிக்ஞை ஓயாதபோது மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் சிறுமூளைப் புற்றின் ஒரு வகை உருவாகிறது. தோலில் அதே தடை உடைந்தால் அடித்தளச் செல் புற்று. திசுச் சீரமைப்பிலும் இதற்குப் பங்குண்டு: முடி மீண்டும் முளைக்க இச்சமிக்ஞை வேண்டும். எலியின் சிறுநீர்ப்பையில் காயம் பட்டால் உட்படலத்தைப் புதுப்பிப்பதும் இதுவே. புற்றுக்கட்டியை ஆறாத புண்ணுக்கு ஒப்பிட்டு 1986இல் நோயியலறிஞர் ஹெரால்டு டுவோராக் எழுதியது வெறும் அலங்காரமன்று.

ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையை அடக்கும் விஸ்மோடெகிப் என்ற மருந்துக்கு 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. கட்டி சுருங்குகிறது, கூடவே முடி உதிர்கிறது, சுவை குன்றுகிறது. குழந்தைகளுக்குக் கொடுத்தால் எலும்பின் வளர்தட்டுகள் முன்கூட்டியே மூடிக்கொள்ளக்கூடும். கருவுற்றவர்களுக்கு அறவே ஆகாது. கருவியல் படித்தவருக்கு இவற்றில் வியப்பு ஒன்றுமில்லை. புற்றுநோய் மருத்துவர் கருவியலாரிடம் முதலிலேயே கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

எனவே ‘புற்றுநோய் மரபணு’ என்ற பேச்சை இந்த மாநாட்டிலாவது தவிர்ப்போம். ஒரு மரபணு எந்தச் செல்லில், எந்த நாளில், எவ்வளவு இயங்குகிறது, அதை எது நிறுத்துகிறது என்று ஒவ்வொரு கட்டுரையாளரும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், மாணவர்களே, தயங்காமல் எழுந்து கேளுங்கள்.