உலகம் சபைக்குள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது

(குற்றாலத்தில் தலித் கிறித்தவ இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



'உலகத்தோடு சமரசமாகும் கிறித்தவர்கள்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்காங்க. இதே தலைப்பில் நீங்க நிறையப் பிரசங்கம் கேட்டிருப்பீங்க. தென்காசி, சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கம் கன்வென்ஷன் பந்தல் போட்டால் ஒரு நாள் ராத்திரி இதுக்குத்தான். சினிமா பார்க்காதே, நகை போடாதே, பூ வைக்காதே, குடிக்காதே, சீசனுக்குக் குற்றாலம் போய்க் கூத்தடிக்காதே. ரோமருக்கு எழுதின நிருபம் 12ஆம் அதிகாரத்தைத் திறந்து, உலகத்தோடு ஒத்துப்போகக் கூடாதுன்னு பவுல் சொன்னதை எடுத்துச் சொல்வாங்க. குடி நம்ம தெருவை அழிச்சிருக்கு. அதைப் பேசுறது சரிதான். ஆனா பிரசங்கியார் போடுற அந்தப் பட்டியலில் ஒரு சொல் மட்டும் வரவே வராது. சாதி.

நம்ம நாட்டில் உலகம்னா என்ன? யார் எங்கே குடியிருக்கணும், யாரைக் கட்டணும், யார் மலம் அள்ளணும், செத்தா எங்கே புதைக்கணும்னு தீர்மானிக்கிறது எதுவோ அதுதான் உலகம். அப்படிப் பார்த்தால் திருச்சபை உலகத்தோடு சமரசம் செய்துகொண்டது நேற்று, இன்று நடந்ததல்ல.

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, உயர்சாதியாரைப் பிடிக்கச் சந்நியாசி வேடம் போட்டார், பூணூல் போட்டார். அங்கே ஏற்கெனவே இருந்த பரதவர் கோயிலோடு ஒட்டாமல் தனிக் கோயில் வைத்தார். பிறகு தாழ்த்தப்பட்டோருக்கென்று பண்டாரச்சாமிகள் தனியாக வந்தார்கள். சுவிசேஷம் ஒன்று, சாமியார் இரண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனிலும் உட்காரும் இடம் பிரிந்தே இருந்தது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் உடனே ஒழியணும்னு சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். யேசுவை விடச் சம்மதம், சாதியை விடச் சம்மதமில்லை!

நம்ம நெல்லைச் சீமைக்கு வருவோம். வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலை 1872 வாக்கில் கால்சட்டை மாதிரி இரண்டு காலாகக் கட்டினாங்க. நடுவில் சுவர், வேளாளர் ஒரு பக்கம், நாடார் முதலானவர்கள் மறுபக்கம். 1910இல் சுவரை இடித்தபோது, திரும்பக் கட்டித் தரச் சொல்லி வேளாளர்கள் நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள். அந்தச் சுவர் விழுந்தது. ஆனா சேரிக்கும் ஊருக்கும் நடுவே உள்ள சுவர் விழலை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவனுக்கும் செத்தவனுக்கும் நடுவே சுவர் எழுப்பினாங்க. எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப்பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். இது ஏதோ நாம கட்டிவிட்ட கதையில்லை. 2016இல் இந்திய ஆயர் பேரவையே தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருக்கிறதை ஒத்துக்கொண்டது. கத்தோலிக்கர் 1.9 கோடியில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும் சொன்னது. பெரும்பான்மையாக இருந்தும் நாம்தான் கடைசி வரிசை.

இதுக்குச் சாட்சி கேட்டு ரோமுக்கோ கல்கத்தாவுக்கோ போக வேண்டாம். இதே தென்காசி வட்டாரத்து மீனாட்சிபுரம் போதும். 1981 பிப்ரவரி 19 அன்று அங்கே சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனார்கள். டெல்லியிலிருந்து தலைவர்கள் ஓடி வந்தார்கள். வளைகுடாப் பணம் என்றார்கள், சதி என்றார்கள். ஆதிக்கச் சாதிக் கொடுமையையும் போலீஸ் தொல்லையையும் பேச அவர்களுக்கு மனசு வரலை. அது கிடக்கட்டும். நாம கேட்க வேண்டிய கேள்வி வேற. இந்தியாவிலேயே கிறித்தவம் ஆழமா வேர்விட்ட மாவட்டங்களில் ஒன்று திருநெல்வேலி. சுத்துப்பட்டில் எத்தனை சர்ச், எத்தனை பள்ளிக்கூடம்! மரியாதை தேடிப் புறப்பட்ட அந்த ஜனம் ஏன் நம்ம வாசலுக்கு வரலை? மதம் மாறினாலும் தெரு மாறாதுன்னு நம்மைப் பார்த்தே தெரிஞ்சிருக்கும். இதுதான் என்னுடைய பதில். சமரசத்துக்குச் சபை கொடுத்த விலை இது.

இங்கே இன்னொரு குற்றச்சாட்டையும் பேசணும். 'சர்டிபிகேட்டுக்காக இந்துன்னு எழுதுறான், விசுவாசத்தை விற்கிறான்' என்று நம்ம பிள்ளைகளைப் பிரசங்க பீடத்திலிருந்தே ஏசுறாங்க. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் அட்டவணைச் சாதியில்லை என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தாங்க, 1990இல் பௌத்தரைச் சேர்த்தாங்க. கிறித்தவ தலித்தை வெளியே நிறுத்தினாங்க. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தத் தடையை நீக்கச் சொல்லி 2007இல் அறிக்கை கொடுத்தும் ஒன்றும் நடக்கலை. தமிழ்நாட்டில் மதம் மாறியவரைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் தள்ளி, வசதி படைத்த சாதிகளோடு ஓடிப் ஜெயிக்கச் சொல்றாங்க. வயிற்றுக்காக ஒரு பேப்பரில் எழுதுகிறவனைப் பின்மாற்றக்காரன் என்கிற சபை, கல்யாணப் பத்திரிகையில் சாதிப் பட்டம் அச்சடிக்கிறவரை முன்வரிசையில் உட்கார வைக்கிறது. யார் சமரசக்காரர்? நீங்களே சொல்லுங்க.

இன்னைக்குக் குற்றாலத்துப் பேரருவித் தண்ணி யார் தலையில் விழுறோம்னு சாதி கேட்டு விழலை. ஞானஸ்நானத் தண்ணியும் கேட்கக் கூடாது. மதுரை இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியாபிலஸ் அப்பாவு 'ஒரு உலை' என்று பேசினார். எல்லார் அரிசியும் ஒரே உலையில் வெந்து, எல்லாரும் சேர்ந்து சாப்பிடணும். நற்கருணைக்கு அதுதான் அர்த்தம்னு நான் நினைக்கிறேன். ஒரே கிண்ணத்தில் குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் நம்ம கையில் தண்ணி வாங்க மாட்டேன் என்றால் அந்த நற்கருணை வெறும் நாடகம்.

அதனால நாலு காரியம் சொல்றேன். கல்லறையில் பிரிவினை இருந்தால், அது நீங்கும்வரை போராடுங்க. திருவிழாச் சப்பரம் நம்ம தெருவுக்கு வராவிட்டால் வரி கொடுக்காதீங்க. சபை நடத்துற பள்ளி, கல்லூரி வேலையில் நம்ம பங்கு எவ்வளவுன்னு கணக்குக் கேளுங்க. நாலாவது நமக்குள்ளே. பள்ளர், பறையர், அருந்ததியர் என்று நாம் பெண் கொடுத்துப் பெண் எடுக்காமல் இருக்கிற வரைக்கும், உலகம் நம்ம வீட்டிலும் பாய் விரிச்சுப் படுத்திருக்குன்னுதான் அர்த்தம்.

'சண்டை போட்டால் சபை உடையும்' என்பார்கள். உடைஞ்சுதான் கிடக்கு. ஒட்டவைக்கத்தான் கேட்கிறோம். யேசுவைப் பட்டணத்துக்கு வெளியேதான் சிலுவையில் அறைந்தாங்க. சேரியும் ஊருக்கு வெளியேதான் இருக்கு. அவரைத் தேடுகிறவர்கள் இங்கே வரட்டும்.

ஜெய்பீம்.